பிறநாட்டிற் பயின்ற தாதியரும் பெயர்ப்பதிவும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சென்ற ஆண்டு விழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், இச்சபையில் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கைகாட்டி அழைத்து ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, நீ சர்வகலாசாலையிலே படிக்கிறாய். எனக்கு ஒன்று விளங்கப்படுத்து. இந்தியாவிலே மூன்றரை வருஷம் தாதிப் படிப்புப் படித்து, பெரிய ஆஸ்பத்திரியிலே வேலையும் பழகி வந்த பிள்ளைக்கு, இங்கே ஒரு காய்ச்சற்காரனுக்கு ஊசி போட உரிமையில்லை என்கிறார்களே. இந்தியாவிலே காய்ச்சல் வேறா, இலங்கையிலே காய்ச்சல் வேறா?” என்றார். நான் அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் குறிப்பிட்ட பிள்ளை என் பெரியம்மாவின் மகள் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். ஆகவே அந்தச் சிரிப்பு எனக்கே நல்லதாய்ப் படவில்லை. இந்த ஓராண்டாக விசாரித்தும் வாசித்தும் தெரிந்துகொண்டதை இன்று அவருக்கும் உங்களுக்கும் சொல்லவே வந்திருக்கிறேன். நான் வைத்தியம் படிப்பவன் அல்லன். சொல்லிற் பிழையிருப்பின் இங்குள்ள தாதிய உத்தியோகத்தர்கள் திருத்த வேண்டும்.

முதலில் அக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் அனுமதி தந்திருக்கிறாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

1990 ஆம் ஆண்டுக் கலவரத்தில் நம் மாவட்டத்திலிருந்து படகேறிப் போனவர்களில் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. அக்காவுக்கு அப்போது மூன்று வயது. தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்து, ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் டிப்ளோமாப் படிப்பில் சேர்ந்தாள். பெரியப்பா கூலிவேலை செய்து கட்டிய பணம் அது. படித்து முடித்து ஓராண்டு ஒரு மருத்துவமனையில் வேலையும் செய்தாள். 2011 ஆம் ஆண்டில் குடும்பம் ஊர் திரும்பத் தீர்மானித்தது. பெட்டியில் மதிப்பெண் பட்டியல், கல்லூரிச் சான்றிதழ், சீருடையோடு எடுத்த ஒரு படம். ஆனால் அங்குள்ள தாதியர் சபையில் தன் பெயரைப் பதிந்துகொள்ளாமலே அவள் புறப்பட்டுவிட்டாள். அகதி அட்டையோடு அதற்கு அலைய வேண்டும் என்றார்களாம். “ஊருக்குத்தானே போகிறோம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று பெரியம்மா சொன்னாராம். அந்த ஒரு சொல்லுக்குப் பதினான்கு வருஷம் விலை கொடுத்தோம்.

இங்கே வந்தபின் ஓர் அலுவலகத்தில், “நீ படித்த நாட்டில் உன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?” என்று கேட்டார்கள். இல்லை என்றாள். “அப்படியானால் நீ அங்கேயே தாதி அல்லவே, இங்கே எப்படித் தாதியாவாய்?” என்றார்கள். கேட்டவர் முகத்தைச் சுளிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் மறுமொழி சொல்ல அவளிடம் ஒன்றுமிருக்கவில்லை.

நிற்க. இந்தப் பதிவேடு என்பது என்ன? யார் இதைக் கண்டுபிடித்தார்கள்? இதை அறிந்தாலன்றிப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை வராது.

தாதிப் படிப்புக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் அமைத்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்பதை நாம் சிறுவகுப்பிலேயே படித்திருக்கிறோம். 1860 ஆம் ஆண்டில் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அப்பள்ளி தொடங்கியது. ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு செய்தி உண்டு. தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவேட்டில் ஏற்றுவதை அந்த அம்மையார் எதிர்த்தார். நல்ல மனமும் பொறுமையும் பரீட்சைத் தாளில் எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. மறுகட்சியில் நின்றவர் எதெல் பெட்போர்ட் பென்விக் என்னும் இன்னோர் அம்மையார். வீட்டுக்கு வரும் தாதி பயின்றவளா, பயிலாதவளா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும், அதை அரசாங்கம் அல்லவா சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். இவ்விரண்டு கட்சிக்கும் முப்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது. அதற்கிடையில் உலகத்திலேயே முதன்முதலாகத் தாதியருக்கென்று தனிப் பதிவுச் சட்டம் செய்த நாடு நியூசிலாந்து. ஆண்டு 1901. பிரித்தானியாவில் 1919 இல்தான் சட்டம் நிறைவேறியது. நைட்டிங்கேல் அம்மையார் 1910 இலேயே காலமாகிவிட்டார். பதிவேட்டைத் திறந்தபோது முதலாம் இலக்கத்தில் எழுதப்பட்ட பெயர் பென்விக் அம்மையாருடையது.

எனக்கு என்னவோ, இரு அம்மையாரும் சொன்னதில் உண்மையுண்டு என்றே தோன்றுகிறது. நம் ஊர் வைத்தியசாலையில் இரவு முழுவதும் ஒரு கிழவியின் தலைமாட்டில் நின்ற தாதியின் குணத்தை எந்தப் பரீட்சையும் அளக்காது. ஆனால் அந்தத் தாதி மருந்தின் அளவைத் தவறவிட்டால் குணம் மட்டும் அந்தக் கிழவியைக் காப்பாற்றவும் மாட்டாது.

பின்னர் இச்சட்டம் நாடு நாடாகப் பரவிற்று. சென்னை மாகாணத்தில் 1926 இல் தாதியர், மருத்துவமாதர் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான தாதியர் சபைச் சட்டம் 1947 இல். நம் நாட்டில் தாதியர் சபைக்கெனத் தனிச் சட்டம் 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமாகும். ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் தன் எல்லைக்குள் மட்டுமே ஒருவரைத் தாதியாக்க முடியும். காய்ச்சலுக்கு எல்லையில்லை, சட்டத்துக்கு எல்லையுண்டு. ஐயா அவர்கள் கேட்ட கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான். ஆனால் இச்சுருக்கமான விடை யாருக்கும் ஆறுதல் தராது. ஆகவே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர்களில் இதனால் முதலில் அடிபட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர், வெளிநாடு போனவர்கள். யுத்தத்துக்குப்பின் பிரித்தானியா தன் வைத்தியசாலைகளுக்கு ஆளில்லாமல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மலாயா, இலங்கை, ஆபிரிக்கா முதலிய நாடுகளிலிருந்தும் இளம் பெண்களை அழைத்தது. அங்கே அக்காலத்தில் இருவகைத் தாதியர் இருந்தனர். மூன்றாண்டு பயின்று பதிவேட்டில் ஏறுவோர் ஒருவகை. இரண்டாண்டு பயின்று வேறொரு பட்டியலில் ஏறுவோர் இன்னொரு வகை. 1943 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான இந்த இரண்டாவது வகையை ‘என்ரோல்ட் நேர்ஸ்’ என்றார்கள். கடல் கடந்து வந்த பெண்களில் எத்தனையோ பேரை இந்த இரண்டாம் வகுப்பிலேயே சேர்த்தார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பலருக்குச் சொல்லப்படவும் இல்லை. சீருடை ஒன்று, வேலை ஏறக்குறைய ஒன்று. ஊருக்குக் கடிதம் எழுதும்போது “நான் லண்டனில் நேர்ஸ்” என்று எழுதினார்கள். பெற்றோர் அக்கம்பக்கத்தில் பெருமையோடு வாசித்துக் காட்டினார்கள். பிறகு ஊர் திரும்பி உத்தியோகம் கேட்டபோதுதான், அந்தச் சான்றிதழ் பல நாடுகளில் தாதிக்குரிய தகுதியாகக் கொள்ளப்படுவதில்லை என்பது தெரிந்தது. சிலர் திரும்பவும் லண்டனுக்கே போய்விட்டார்கள். அந்த வகுப்பு 1980களின் பிற்பகுதிக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது. நிறுத்தியதால் போன வருஷங்கள் திரும்பவா போகின்றன?

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், இன்றும் நம் பிள்ளைகள் விளம்பரத்தைப் பார்த்து ‘நேர்சிங்’ என்ற ஒரு சொல்லுக்கே காசு கட்டிவிடுகிறார்கள். ஆறுமாத வகுப்பும் நேர்சிங், நான்கு வருஷப் பட்டமும் நேர்சிங். படிப்பின் முடிவில் எந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறும், அந்தப் பதிவேட்டை எந்த எந்த நாடு ஏற்கும் என்று கேட்பவர் பத்தில் ஒருவர்தான். தங்கச்சிமாரே, கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

2022 ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது, அரசாங்க உத்தியோகத்தர்கள் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருஷம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது யாவருக்கும் நினைவிருக்கும். அதன்பின் தாதியரும் பலர் புறப்பட்டார்கள். போனவர்கள் எந்த வாசலால் நுழைகிறார்கள் என்று பார்ப்போம்.

பிரித்தானியாவில் தாதியர், மருத்துவமாதர் சபையின் பதிவேட்டில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உளர். அவர்களில் ஐவருக்கு ஒருவருக்கு மேற்பட்டோர் பிறநாட்டிற் பயின்றவர். இந்தியரும் பிலிப்பைன்காரரும் அவர்களுள் மிகப் பலர். ஆகவே அந்த வாசல் அடைத்த வாசல் அல்ல. ஆனால் படிகள் உண்டு. முதற்படி ஆங்கிலம். ‘ஐ.ஈ.எல்.ரி.எஸ்.’ பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 புள்ளி வேண்டும். எழுத்திலும் முன்பு 7 கேட்டார்கள். 2018 இன் இறுதியில் அதை 6.5 ஆக்கினார்கள். அந்த அரைப் புள்ளியால் மறிபட்டு நின்ற கெட்டிக்காரத் தாதியர் பலர். கட்டுரை எழுதுவது கடினம் என்பவர்களுக்கு ‘ஓ.ஈ.ரி.’ என்று வேறொரு பரீட்சையும் உண்டு. அதில் உலக வெப்பத்தைப் பற்றிக் கட்டுரை கேட்கமாட்டார்கள். நோயாளியை வேறொருவரிடம் ஒப்படைக்கும் கடிதத்தைத்தான் எழுதச் சொல்வார்கள். தாதிக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அடுத்த படி கணினியில் நடக்கும் பரீட்சை. இதில் கணக்கும் உண்டு. கணக்கென்றதும் பயப்பட வேண்டாம். ஒரு லீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. நிமிஷத்துக்கு எத்தனை துளி? ஆயிரத்தை இருபதாற் பெருக்கி, எட்டு மணித்தியாலத்திலுள்ள 480 நிமிஷத்தாற் பிரித்தால் 41 சொச்சம். 42 துளி என்று வைக்க வேண்டும். சாதாரண தரம் படித்த பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஆனால் கையைப் பார்த்தே துளியைச் சரிபண்ணிப் பழகிய மூத்த தாதிமார் தாளில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள் என்று கேள்வி.

மூன்றாவது படிதான் பெரியது. ‘ஒஸ்கி’ என்று சொல்கிறார்கள். பிரித்தானியாவுக்கே போய்ச் செய்ய வேண்டும். வார்ட்டுப் போலப் பத்து இடங்கள் அமைத்திருப்பார்கள். கட்டிலில் நோயாளியாக ஒரு நடிகர் இருப்பார், அல்லது பொம்மை இருக்கும். பக்கத்தில் ஒருவர் தாளோடு நின்று நீங்கள் செய்வதையெல்லாம் குறித்துக்கொள்வார். 2019 ஆம் ஆண்டில் இதன் கட்டணத்தை 992 பவுணிலிருந்து 794 பவுணாகக் குறைத்தார்கள். குறைத்த கட்டணமே நம்மூர்த் தாதி ஒருவரின் சில மாதச் சம்பளம். பெரிய வைத்தியசாலைகள் சில தாம் அழைப்பவர்களுக்குத் தாமே கட்டிவிடுகின்றன.

இதில் தவறுகிறவர்கள் வேலை தெரியாமல் தவறுவதில்லை. கைகழுவாமல் தவறுகிறார்கள். நோயாளியின் கையிலுள்ள பட்டியில் பெயரையும் பிறந்த தேதியையும் வாசித்து, அவர் வாயாலும் சொல்லவைத்து, இரண்டும் ஒன்றா என்று பாராமல் தவறுகிறார்கள். “உங்களுக்கு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாதா?” என்று கேட்காமல் தவறுகிறார்கள். நம் வார்ட்டுகளில் ஒரு தாதி எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். “பதினேழாம் கட்டில் அம்மா, கையை நீட்டுங்கோ” என்றால் வேலை முடிந்துவிடும். அங்கே அம்மா என்று அழைப்பதற்கு முன், உங்களை எப்படி அழைக்கலாம் என்று அந்த அம்மாவையே கேட்க வேண்டும். ஊசி போடலாமா என்று உத்தரவு கேட்க வேண்டும். முதலில் இது நாடகமாய்த் தோன்றலாம். யோசித்துப் பார்த்தால், பதினேழாம் கட்டிலில் நேற்று ஒரு செல்லம்மாவும் இன்று வேறொரு செல்லம்மாவும் படுத்திருந்தால் என்ன ஆகும்? அந்த வழக்கம் நமக்கும் வந்தால் நல்லது. அதற்கு லண்டன் போக வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பரீட்சை வேறு மாதிரி. ‘என்கிளெக்ஸ்’ என்பது அதன் பெயர். 1994 முதல் கணினியில் நடக்கிறது. ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தது கடினமாய் வரும். தவறினால் இலேசாய் வரும். இவர் தேறியவர் அல்லது தேறாதவர் என்று கணினிக்கு உறுதியானதும் தானே நின்றுவிடும். 2023 ஏப்ரல் முதல் குறைந்தது 85, கூடியது 150 கேள்விகள். 85 இல் நின்றுவிட்டதே என்று அழுதுகொண்டு வெளியே வந்து, மறுநாள் தேறிய செய்தி கேட்டவர்களும் உண்டு. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதே பரீட்சையைத் தம் தாதியருக்கு வைத்திருக்கின்றன.

கனடா என்றதும் என் சித்தியின் நினைவு வருகிறது. இங்கே பதினொரு வருஷம் வார்ட்டிலே நின்றவர். அங்கே போனதும் பிள்ளைகள் சிறிசுகள், வீட்டு வாடகை, மொழி. “முதலில் ஒரு வேலை, பிறகு பரீட்சை” என்று எண்ணினார். பிறகு என்பது வரவேயில்லை. அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. விண்ணப்பிப்பவர் அண்மைய மூன்று வருஷத்துக்குள் தாதியாக வேலை செய்திருக்க வேண்டும் என்பதே அது. பதிவில்லாமல் தாதி வேலை செய்ய முடியாது. வேலை செய்யாமல் பதிய முடியாது. தண்ணீரில் இறங்கினால்தான் நீந்தப் பழகலாம், நீந்தப் பழகினால்தான் இறங்கலாம் என்ற கதைதான். மூன்று வருஷம் எப்படிப் போனதென்று சித்திக்கே தெரியாது. இன்று முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறார். அந்த வேலையில் இழிவில்லை. ஆனால் ஒருநாள் தொலைபேசியில், “மகன், ஒரு பெரியவருக்கு மூச்சு மாறுகிறதைக் கண்டேன். எனக்கு என்னவென்று தெரியும். ஆனால் தாதியைக் கூப்பிடுவதற்குத்தான் எனக்கு உரிமை” என்றார். பெரும் தொற்றுக் காலத்துக்குப் பிறகு அம்மாகாணம் இவ்விதிகளைத் தளர்த்தி வருகிறது. சித்திக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது.

லண்டனிலும் இப்படித் தாதியாய்ப் பயின்றுவிட்டுப் பராமரிப்பாளராய் நுழைந்தவர்கள் உளர். 2022 இல் அதற்கென்று விசா வழி திறந்தது. 2025 ஜூலையில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. “முதலில் போய்ச் சேர்ந்துவிடு, பிறகு தாதியாகலாம்” என்று இன்னும் ஒரு முகவர் சொன்னால், அவர் பழைய பஞ்சாங்கம் வாசிக்கிறார் என்று கொள்ளுங்கள்.

முகவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கேரளத்துத் தாதியர் வளைகுடா நாடுகளுக்குப் போகும் வழியில் இலட்சக்கணக்கில் ஏமாற்றப்பட்டதால், 2015 இல் இந்திய அரசாங்கம் குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்குத் தாதியரை அனுப்பும் வேலையை அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவளக் கழகத்தின் பொறுப்பு. நம் நாட்டில் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. அனுமதி பெற்ற முகவர் யார் என்று அங்கே கேட்டறியாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இங்கே சிலர் கேட்கலாம்: இவ்வளவு கெடுபிடி தேவைதானா? நான் இதைப் பலமுறை யோசித்தேன். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று பள்ளிகள் காசுக்கு விற்ற 7,600க்கு மேற்பட்ட போலித் தாதிப் பட்டங்கள் பிடிபட்டன. அப்பட்டத்தை வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் பரீட்சையிலும் தேறிவிட்டிருந்தார்கள்! பரீட்சை ஒன்றே போதும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வார்ட்டில் நின்று பழகிய மணித்தியாலங்களைக் கேட்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். அதே ஆண்டில் நைஜீரியாவின் இபதான் நகரத்துப் பரீட்சை நிலையம் ஒன்றில் ஆள்மாறாட்டம் நடந்ததென்று பிரித்தானியச் சபைக்குச் சந்தேகம் எழுந்தது. அங்கே எழுதியவர்களையெல்லாம் மறுபடி எழுதச் சொன்னார்கள். நேர்மையாய் எழுதியவர்களும் அதில் அகப்பட்டார்கள். ஒருவன் செய்த களவுக்கு ஊரெல்லாம் சோதனை.

ஆகவே கேள்வி கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். நம் தாயோ தகப்பனோ கட்டிலில் கிடந்தால் நாமும் கேட்போம். ஆனால் எந்தக் கேள்வி நோயாளியைக் காப்பாற்றும், எந்தக் கேள்வி கோப்பை மட்டும் தடிக்கச் செய்யும் என்று பிரித்தறிய வேண்டும். யப்பான் தேசம் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும் பின் பிலிப்பைன்சிலிருந்தும் தாதியரை அழைத்தது. தம் நாட்டுப் பரீட்சையை யப்பானிய மொழியிலேயே எழுத வேண்டும் என்றது. 2010 இல் எழுதிய 254 பேரில் மூவர் தேறினர். வேலையறிந்த தாதியர்தான் அவர்கள். பிறகு அரசாங்கமே யோசித்து, கடின எழுத்துக்களுக்கு உச்சரிப்பையும் நோய்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தையும் சேர்த்தது. தேறுவோர் தொகையும் உயர்ந்தது. அளவுகோலைக் குறைக்கவில்லை, அது அளக்க வேண்டியதை அளக்கும்படி செய்தார்கள்.

மொழியைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டு வரலாறும் ஞாபகம் வருகிறது. நான் மிஷன் பள்ளியில் படித்தவன். அப்பள்ளிச் சுவரில் மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்களின் படம் இருந்தது. 1847 இல் வந்த அந்த அமெரிக்கர், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைவைத்தியம் கற்பித்து, பெரும் பெரும் வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். உடலைப் பற்றிய அறிவைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இன்று எந்த நாட்டுப் பதிவேட்டுக்கும் ஆங்கிலமோ அந்நாட்டு மொழியோ இன்றி முடியாது. எனக்கு இதில் வருத்தமுண்டு. ஆயினும் வருத்தப்பட்டுக்கொண்டே ஆங்கிலம் படிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. எல்லாரும் போய்விட்டால் நம் வார்ட்டில் யார் நிற்பது? உலகச் சுகாதார நிறுவனம் 2010 இல் ஒரு நடத்தை விதி செய்து, தாதியர் குறைந்த நாடுகளிலிருந்து செல்வ நாடுகள் வலிந்து ஆளெடுக்கலாகாது என்றது. 2020 இல் அதே நிறுவனம் உலகில் 59 இலட்சம் தாதியர் குறைவு என்று கணக்கிட்டது. என் தாத்தா சொல்லுவார்: அக்காலத்தில் நோயாளியைத் தோப்பூரிலிருந்து வண்டியில் மூதூருக்குக் கொண்டுபோய், லாஞ்சில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோக வேண்டும், காற்று மாறினால் நோயாளி கரையிலேயே கிடப்பார். இன்று 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தால் வாகனத்திலேயே போய்விடலாம். பாலம் வந்துவிட்டது, அந்தக் கரையில் வார்ட்டில் ஆள் வேண்டாமா? போக நினைப்பவரைத் தடுக்க நான் யார்? பிள்ளைகளின் வயிற்றைப் பார்க்காமல் நாட்டைப் பார் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இதையெண்ணும்போது அக்காவின் நிலை இன்னும் உறுத்துகிறது. ஆளில்லை என்கிறோம், வந்த ஆளை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

சரி, அக்காவின் காரியம் என்னவாயிற்று? இந்தப் பேச்சுக்கு ஆயத்தம் செய்யும் சாட்டில் நாங்கள் இருவருமாய் அவள் பெட்டியைத் திறந்தோம். என்ன என்ன வேண்டும் என்று விசாரித்துப் பட்டியலிட்டோம். பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்துக்கும் படித்த மணித்தியாலம், வார்ட்டுவாரியாகப் பழகிய மணித்தியாலம், கல்லூரித் தலைவரின் முத்திரையிட்ட கடிதம், அவள் படித்த காலத்தில் அக்கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்ததற்கு அத்தாட்சி, அந்நாட்டுப் பதிவு. இவற்றில் அவளிடம் இருந்தது மதிப்பெண் பட்டியல் மட்டும். அதிலும் அவள் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அங்கே முகாமில் எழுதியது ஒரு பெயர். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தோம். கல்லூரி கைமாறியிருந்தது. அவளுடன் படித்த தோழி ஒருத்தி அங்கே இன்னும் வேலை செய்கிறாள். அவள் பழைய பதிவுப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, மணித்தியாலக் கணக்கை எழுதுவித்து, முத்திரையோடு அனுப்பினாள். சென்ற கார்த்திகையில் அந்த உறை வந்தது. அக்கா அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் சுவாமிப் படத்தடியில் வைத்திருந்தாள். அங்கே பெயரைப் பதிவதற்கான விண்ணப்பம் போயிருக்கிறது. அது முடிந்தால் இங்கே விண்ணப்பிக்கலாம். பதினான்கு வருஷம் தொழிலை விட்டவள் என்பதால் மறுபடி பயிற்சிக்குப் போகச் சொல்லலாம். “சொல்லட்டும். சிறு பிள்ளைகளோடு பின்வாங்கில் இருந்து படிக்கிறேன்” என்கிறாள்.

இந்தச் சபையில் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் சகோதரிகள் நால்வர் இருக்கிறார்கள் என அறிகிறேன். பெண்பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். இரவு வேலை, அந்நியரைத் தொடும் வேலை, கலியாணம் தடைப்படும் என்கிறார்கள். அதே பெற்றோர் தமக்கு நோய் வந்தால் “ஒரு நல்ல மிஸ்ஸி கிடைத்தா” என்று மகிழ்கிறார்கள். அந்த மிஸ்ஸியும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைதானே. இதற்கு மேல் அதைப்பற்றிப் பேசினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

படிக்கப் போகிறவர்கள் முதல் நாளிலிருந்து ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வார்ட்டில் எத்தனை நாள் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பாடத்திட்டத்தைப் பிரதியெடுத்து வையுங்கள். பெயரை எல்லாத் தாளிலும் ஒரே எழுத்தில் எழுதுவியுங்கள். படிப்பு முடிந்தால், ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கோ கப்பலுக்கோ சீட்டெடுப்பதற்கு முன் பதிவேட்டில் பெயரை ஏற்றுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொழிலை விட்டு மூன்று வருஷம் கழியவிடாதீர்கள்.

சங்கத்துக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. வாசிகசாலையின் பின்னறை சனிக்கிழமை பிற்பகலில் வெறுமையாய்க் கிடக்கிறது. அங்கே தாதியருக்கும் தாதியாகப் போகிறவர்களுக்கும் ஆங்கில வகுப்பு நடத்தலாம். நான் விடுமுறையில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். மற்ற நாட்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இசைந்திருக்கிறார். துளிக் கணக்கை அக்கா சொல்லிக்கொடுப்பாள். அதற்குப் பதிவேடு வேண்டியதில்லையாம், கேட்டுவிட்டேன். ஒரு கரும்பலகையும் இரண்டு வாங்கும் வேண்டும். கேள்வி கேட்ட பெரியவர் ஒரு வாங்கு தருவதாகச் சற்றுமுன் என் காதில் சொன்னார். மற்றதை யார் தருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.